அக்கா இளைத்த கதை

ஜனவரி 10

அன்புள்ள கொசுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சின்னவளும் சுகமாகவே இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. உடம்பு என்று ஒன்று இருந்தால்தானே கேட்பதற்கு?

போனை இன்னும் ஆலை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்களா? எவனோ ஒருத்தன் உள்ளே படம் எடுத்தான் என்பதற்காக, விடுதியில் படுத்திருக்கிறவனுக்கும் போன் கூடாது என்றால் அது ஆலையா ஜெயிலா? "நல்லதுதான், அக்காவும் தம்பியும் எழுதி எழுதிக் கையெழுத்தாவது திருந்தும்" என்கிறார் உன் அத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கடையைப் புதுப்பிக்கிறார்கள். தரையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. தரைக்குத் தகுந்த மாதிரி நாங்களும் ஆக வேண்டுமாம். புதுச் சீருடை மூன்றே அளவுகளில் வந்திருக்கிறது, மூன்றுமே எனக்குத் தோளோடு நின்றுவிட்டன. எங்கள் தளப் பொறுப்பாளர் விசிலைத் தெரியும் இல்லையா, பேசினால் பல்லிடுக்கில் காற்று போகுமே, அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "யூனிஃபார்ம் ஏறாதவங்க கீழ்க் கிடங்குக்குப் போயிடலாம்மா. அங்க யாரும் பாக்க மாட்டாங்க."

சின்னவள் வயிற்றில் இருந்தபோதுகூட அந்தத் திரைச்சீலைப் பிரிவில் நின்றவள் நான். நின்றவள் என்றால் நின்றவள்தான். வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடத்தில் நாங்கள் உட்காரக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அந்த இடத்தை விட்டு நான் கிடங்குக்குப் போவேனா?

அதனால் எங்கள் கடையிலேயே விற்கிற ஊதாப்பழ மாத்திரையில் ஒரு பாட்டில் வாங்கினேன். ஏதோ காட்டுப் பழமாம், அதில் ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கிறதாம், உடம்பு உள்ளே துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுமாம். நான் என்ன இரும்புக் கதவா, துருப்பிடிக்க? இருந்தாலும் வாங்கினேன். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் அடியில் உன் ஆலை முகவரி! பழச்சத்து அடைக்கிறேன் என்று சொன்னாயே தவிர, இதைத்தான் என்று ஏன் சொல்லவில்லை? நல்ல சரக்குதானா? உடனே எழுது.

உன் அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

கொசு உயிரோடு இருக்கிறது. அங்கே எல்லோரும் நலமாக இருந்தால் அப்படியே இருங்கள், அந்த மாத்திரையைத் தொடாதீர்கள்.

வாசலில் கொடுத்தால் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்கள். அதனால் நம் லாரிக்காரர் ஹாரனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீயும் அவரிடமே கொடு.

பழம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கேயோ சாறு பிழிந்துவிட்டுத் தூக்கிப் போடும் தோலும் கொட்டையும் பொடியாகி மூட்டையில் வருகிறது. சாற்றை வேறு யாரோ குடித்துவிட்டார்கள். நாங்கள் சக்கையை மாத்திரையாக்குகிறோம், அவ்வளவுதான். அதோடு நின்றால் நான் உன்னைத் தடுக்க மாட்டேன். பெயர் ஒட்டாத டிரம்களில் ஒரு வெள்ளைப் பொடியும் வருகிறது. என்னவென்று கேட்டால், "உனக்கு எதுக்கு?" என்பதோடு பேச்சு முடிந்தது.

அதைக் கலந்து நிரப்பும் அறையில் வேலை செய்கிறவர்களுக்குப் பசியே எடுப்பதில்லை. தட்டில் போட்டது அப்படியே திரும்பி வரும். மெஸ்காரருக்கு அவர்கள்மேல் கொள்ளைப் பிரியம். தூக்கமும் கிடையாது, கை நடுங்கும். முகத்தில் கட்டக் கொடுத்த துணி எங்கே என்று கேட்டால் துவைக்கப் போட்டிருக்கிறது என்பார்கள். அந்தத் துணியை இதுவரை நான் பார்த்ததே இல்லை.

நான் அந்த அறையில் இல்லை, கவலைப்படாதே. பாட்டில் வரிசையில் லேபிள் ஒட்டுகிறேன். மெஷினைக் கழுவி மாட்டும்போதெல்லாம் முதலில் வெறும் மாவை நிரப்பி ஓட்டிப் பார்ப்போம். அந்த மாவு மாத்திரையைக் குப்பையில் கொட்டிவிட்டு மற்றதை விற்கிறார்கள். என்னைக் கேட்டால் மாற்றிச் செய்ய வேண்டும்.

விசில் சொன்னான் என்று விஷத்தைத் தின்னாதே. அவன் தொப்பைக்கு எந்த அளவில் சீருடை வந்திருக்கிறது என்று கேள்.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவளை மிரட்டி வை.

கொசு


பிப்ரவரி 12

அன்புள்ள கொசுவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தான் மாத்திரை பாட்டிலை அலமாரி உச்சியில் வைத்தார். நான் நாற்காலி போட்டு எடுத்துவிட்டேன்.

விசில் தொப்பையைப் பற்றி நீ எழுதியதை மதியம் எங்கள் பெண்களிடம் சொன்னேன். பில் போடும் சிட்டுவுக்குச் சிரித்துச் சிரித்துச் சாப்பாடு மூக்கில் ஏறிவிட்டது. ஆனால் மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? விசில் எங்கள் மேஜைக்கு வந்து, நான் துணி அளக்கிற டேப்பை எடுத்து மேற்பார்வைப் பெண்ணிடம் கொடுத்தார். ஒவ்வொருத்தியாக வரச் சொல்லி இடுப்பை அளக்கச் சொன்னார். அவர் கை எங்கள்மேல் படாது, அவர் அவ்வளவு கண்ணியம். அளவைச் சத்தமாகப் படிக்க வேண்டும், அதுதான் உத்தரவு. என் அளவைப் படித்தபோது, "ஒரு ஜன்னலுக்குப் போதும்போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அதனால் அவரே சிரித்துக்கொண்டார்.

பிறகு அதே டேப்பில் நாள் முழுக்கத் துணி அளந்தேன்.

எல்லா மருந்தும் வெள்ளைப் பொடிதான், தம்பி. காய்ச்சலுக்குத் தருவது மட்டும் என்ன பச்சையாகவா இருக்கிறது? உனக்குப் பிறவியிலேயே சதை இல்லை. நீ ஒரு கதவுக்குள் பக்கவாட்டில் நுழைந்ததில்லை, பஸ்ஸில் பக்கத்து ஆள் உன்னைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்ததில்லை. ஆலையில் நடக்கும் அநியாயமெல்லாம் உனக்குத் தெரியும். இது தெரியாது.

உன் பதில் வந்ததும் ஆரம்பிக்கப் போகிறேன். திட்டி எழுதாதே.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சின்னவளும் சுகம்தானே? பதில் எழுத நாளாகிவிட்டது. முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அதில் விசிலைப் பற்றித்தான் இருந்தது, சின்னவள் இருக்கும் வீட்டுக்கு அந்த வார்த்தைகளை அனுப்ப முடியாது.

நீ சொன்னது சரி. எனக்குத் தெரியாதுதான்.

எனவே திட்டவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. கடையில் வாங்கியதைத் தூக்கிப் போடு. ஹாரனிடம் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறேன், லேபிள் இருக்காது. தொழிலாளர்களுக்கு என்று தனியாகக் கிடைக்கிறது, பக்குவமான சரக்கு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தீரத் தீர நான் அனுப்புகிறேன். இதைத் தவிர வேறு எதையும் வாயில் போடக் கூடாது. இதை வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது, சிட்டுவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சத்தியம் செய்து எழுது.

சாப்பாட்டைக் குறைக்காதே.

கொசு


மே 20

என் தங்கக் கொசுவுக்கு,

சத்தியம், சத்தியம், சத்தியம். உன் பாட்டிலைத் தவிர வேறு எதையும் தொடவில்லை, யாருக்கும் தரவும் இல்லை. நாங்கள் நலம். நான் அதற்கும் மேலே.

இளைத்துவிட்டேன்! முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, உன்னைத் திட்டக்கூடச் செய்தேன். அப்புறம் ஒரு நாள் மோதிரம் கழன்று சோப்பு நுரையோடு போகப் பார்த்தது. அடுத்து வளையல். போன வாரம் சீருடையின் பெரிய அளவு பட்டன் போட்டு நின்றது. கண்ணாடி முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். "யாருங்க நீங்க, என் பொண்டாட்டி எங்க?" என்கிறார் உன் அத்தான். அவருடைய நகைச்சுவை அந்த உயரம்தான்.

உன் நிரப்பும் அறைக்காரர்களுக்குப் பசிக்காது என்றாயே, எனக்கு நேர்மாறாக இருக்கிறது. சின்னவள் மிச்சம் வைத்ததையும் சேர்த்துச் சாப்பிடுகிறேன், அப்படியும் இளைக்கிறேன். இதைவிட ஒரு மருந்து வேறென்ன வேண்டும்? ஒரே தொல்லை தாகம்தான். மாத்திரைச் சூடு போலிருக்கிறது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறேன், குடித்தால் சும்மா இருக்குமா? நான் பாத்ரூம் போகிற கணக்கை விசில் வைத்திருக்கிறார். "தண்ணி குடிக்கறத வீட்ல முடிச்சிட்டு வாம்மா" என்கிறார். சொல்லட்டும். சீருடை ஏறிவிட்டது, இனி அவர் என்ன செய்ய முடியும்?

அடுத்த பாட்டில் சீக்கிரம் அனுப்பு. உனக்கு என்ன வாங்கித் தரட்டும்?

அக்கா


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை நிஜமாகவே அறிய ஆவல். உடம்பு வேறு எப்படி இருக்கிறது? களைப்பு இருக்கிறதா? சரியாகத் தூங்குகிறாயா?

இங்கே நிரப்பும் அறையில் ஒருவர் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டார். வெளியே தூக்கிவந்து போட்டோம். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி அடித்தது. மறுநாள் அவர் படுக்கையில் புது ஆள் இருந்தார். பழையவர் எங்கே என்று கேட்டதற்கு, "ஊருக்குப் போயிட்டாரு" என்றார்கள். அவருடைய செருப்பு இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது.

இளைத்தது போதும், அக்கா. ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திப் பார். நிறுத்திய பிறகும் இளைக்கிறாயா என்று எனக்கு எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் அதை மட்டும் எழுது.

இந்த முறை பாட்டில் அனுப்பவில்லை.

கொசு


ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். பாட்டில் வராததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பழைய பாட்டிலில் மிச்சம் இருந்ததைக் காலையில் மட்டும் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறேன். நிறுத்த மாட்டேன். கண்ணுக்கு முன்னால் பலன் தெரியும்போது யாராவது நிறுத்துவார்களா? விழுந்தவருக்காக நானும் வருத்தப்படுகிறேன். ஆனால் அவர் அந்தப் பொடியை மூச்சில் இழுத்தார், நான் அளவாகத்தானே போடுகிறேன்?

களைப்பு என்று கேட்டாய். நாள் முழுக்க நிற்கிறவளுக்குக் களைப்பு இல்லாமல் இருக்குமா? போன வாரம் ஒரு அம்மாவுக்குத் துணியைக் குறைவாக வெட்டிவிட்டேன். டேப்பில் எண்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிந்தன. வயதாகிறது, கண்ணாடி போட வேண்டும். புதுச் செருப்பு கடித்த புண் குதிகாலில் ஆறமாட்டேன் என்கிறது. நின்றுகொண்டே இருந்தால் எப்படி ஆறும்?

இதெல்லாம் கிடக்கட்டும். பெரிய செய்தி இதுதான். மாத்திரைக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார். விசில் என்னை முன்னால் தள்ளி, "எங்க ஸ்டாஃப்தான் மேடம், உங்க மாத்திரை சாப்பிட்டு இப்படி ஆயிட்டாங்க" என்றார். என்னை எதற்கும் முன்னால் தள்ளாத மனிதர்! அந்த அம்மா என் பழைய அடையாள அட்டைப் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வரும் பன்னிரண்டாம் தேதி என்னைப் படம் எடுக்கப் போகிறார்கள். பழைய படம் ஒரு பக்கம், புதுப் படம் ஒரு பக்கம். பாட்டிலிலேயே வருமாம். அதோடு கடை வாசலுக்கு நேரே இருக்கிற முதல் மேஜை எனக்கு.

சிட்டுவும் இன்னும் இரண்டு பெண்களும் என்னைப் பார்த்துவிட்டுக் கடையிலேயே வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். உன் பாட்டிலை யாருக்கும் தரவில்லை, சத்தியம் சத்தியம்தான்.

எனக்காக ஒரு முறை சந்தோஷப்படேன், கொசு.

அக்கா


ஜூலை 4

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதை முழுதாகப் படி. படித்துவிட்டுத் திட்டு.

நான் உனக்கு அனுப்பிய எதிலும் வெள்ளைப் பொடி இல்லை. பழமும் இல்லை. மெஷினை ஓட்டிப் பார்க்கிற மாவு என்று எழுதினேனே, குப்பைக்குப் போகும் அந்த மாத்திரையைத்தான் பொறுக்கி பாட்டிலில் போட்டு அனுப்பினேன். தொழிலாளர்களுக்குத் தனிச் சரக்கு என்று எதுவும் கிடையாது. நீ எப்படியும் தின்னப் போகிறாய், அது மாவாகவாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் ஒன்றும் நடக்காது, நீயே வெறுத்து விட்டுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். நீ இளைக்க ஆரம்பித்ததும் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது. மே மாதமே சொல்லியிருக்க வேண்டும். உன் சந்தோஷத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மாவு தின்று யாரும் இளைப்பதில்லை, அக்கா. வீட்டில் இருக்கிறதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே எலும்பாகிறாய். தாகம், கண், குதிகாலில் புண். இதெல்லாம் மாத்திரைச் சூடு இல்லை. அந்த மாத்திரையில் சூடாக எதுவும் இல்லை. உனக்கு உள்ளே ஏதோ நோய் இருக்கிறது. ஊரே உன்னைப் பார்த்து வாழ்த்துகிறது. நீ இளைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான், நானோ இந்தச் சுவருக்குள் இருக்கிறேன்.

நாளைக்கே டாக்டரிடம் போ. அத்தானைக் கூட்டிக்கொண்டு போ. படமெல்லாம் வேண்டாம்.

கொசு


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஹாரனை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் கடிதம் அவர் சட்டைப் பையிலேயே பத்து நாள் இருந்ததாம். கொடுத்துவிட்டேன் என்கிறார். நீ வாங்கிப் படித்தாயாம், கடிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே போனாயாம்.

கோபம் இருக்கட்டும். ஒரே ஒரு வரி எழுது. டாக்டரிடம் போனாயா?

கொசு


ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ தூங்கியிருக்க மாட்டாய்.

உன் கடிதம் வந்தபோது படம் எடுத்து முடித்திருந்தார்கள். படித்ததும் என்ன தோன்றியது தெரியுமா? நோய் என்று நீ எழுதியது கண்ணிலேயே படவில்லை. மாவு என்பது மட்டும்தான் பட்டது. விசில் என்னை ஜன்னல் என்றார். நீ என்னைக் குழந்தை என்று நினைத்தாய். இரண்டில் எது மோசம் என்று யோசித்துக்கொண்டே ஒரு வாரம் வேலைக்குப் போனேன். ஜனவரியில் நீ எழுதியிருந்ததையும் தேடி எடுத்துப் படித்தேன். மாவு மாத்திரையைக் குப்பையில் கொட்டுகிறோம் என்று நீயே எழுதியிருக்கிறாய். படித்துச் சிரித்தவள் நான்தான்.

பிறகு ஒரு நாள் கடைப் படிக்கட்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அத்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரம்மா கேட்டார், "எத்தனை நாளா இப்படித் தண்ணி குடிக்கிறீங்க?"

"மாத்திரைச் சூடு டாக்டர்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

"என்ன மாத்திரை?"

"என் தம்பி அனுப்பற மாவு."

அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் கூரையைப் பார்த்தார்.

சர்க்கரை. இருக்க வேண்டியதைப் போல நாலு மடங்கு. "இளைச்சதும் வந்திருக்கணும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நினைவில்லாமதான் தூக்கிட்டு வந்திருப்பாங்க" என்றார். குதிகால் புண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பேசிய பேச்சு இருக்கிறதே, விசில் அவரிடம் பாடம் படிக்கலாம். தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறேன். சின்னவள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறாள். கண் தெளிந்துவிட்டது, புண்ணும் ஆறுகிறது. உடம்பு திரும்ப ஏறுகிறது. சீருடையின் நடு பட்டன் இப்போதே இழுக்கிறது.

படத்தை நிறுத்தச் சொல்லி விசிலிடம் கேட்டேன். "அவங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சும்மா. படத்துல நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார்.

என்னை அரிப்பது வேறொன்று. சிட்டுவுக்கு இரண்டு வாரமாக நெஞ்சு படபடக்கிறது, பில் அடிக்கும்போது விரல் நடுங்குகிறது. நிறுத்து என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். என் நோயையும் சொன்னேன். "உங்களுக்கு வேலை செஞ்சிச்சு, படமும் எடுத்தாங்க. எனக்கு மட்டும் வேணாமாக்கா? நான் இளைச்சா உங்களுக்கு என்ன?" என்றாள். அவள் தின்பது மாவு இல்லை, கொசு. என்னைப் பார்த்துத்தான் வாங்கினாள்.

உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த வெள்ளைப் பொடியைத் தின்று இளைத்திருந்தால் யாருக்குமே சந்தேகம் வந்திருக்காது, உன் தம்பி மாவு கொடுத்ததால்தான் நோய் தெரிந்தது என்கிறார் அத்தான். அவர் எப்போதும் இரண்டு பக்கமும் பேசுவார். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஊசி தவறாமல் போடுகிறாயா? உன் கடிதத்தை மெஸ்ஸில் வைத்துப் படித்தேன். "கண்ணுல என்ன?" என்று கேட்டார் மெஸ்காரர். வெங்காயம் என்றேன். அன்றைக்கு வெங்காயமே இல்லை.

புது லேபிள் சுருள் வந்துவிட்டது. மெஷினில் மாட்டி ஓட்டியதும் நீ வர ஆரம்பித்தாய். இடது பக்கம் குண்டு அக்கா, வலது பக்கம் ஒல்லி அக்கா, பாட்டிலுக்கு ஒரு ஜோடி. எனக்கு இடது பக்கத்து ஆளைத்தான் தெரியும். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டது அவள்தான். வலது பக்கத்தில் சிரிப்பது ஒரு நோயாளி. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன் கீழே தங்க எழுத்தில் 'இயற்கையின் பரிசு' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒரு மனுஷி சாகப் பார்த்ததை அலங்காரம் செய்து விற்கிறார்கள், அதை ஒட்டுவதற்கு அவள் தம்பியையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

மெஷினை நிறுத்தினேன். மேஸ்திரி ஓடிவந்தார். "என்னடா கோளாறு?"

"லேபிள்ல கோளாறு."

"எங்க? நேராத்தான ஒட்டுது?"

"இது எங்க அக்கா" என்றேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட, கொடுத்து வெச்சவன்டா நீ" என்று முதுகில் தட்டிவிட்டு, மெஷினைப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை வரை ஒட்டினேன். மறைக்கவில்லை, ஒட்டினேன். இனி என்னால் முடியாது. இங்கிருந்து கிளம்பிவிடவா? வந்தால் எனக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும் என்றும் தெரியவில்லை. நீ சொல்.

கொசு


அக்டோபர் 9

அன்புள்ள கொசுவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். இந்த முறை டாக்டரே சொல்லியிருப்பதால் நம்பலாம்.

உன் பாட்டில்கள் எங்கள் கடைக்கு வந்து இறங்கின. வாசலுக்கு நேரே கோபுரம் மாதிரி அடுக்கி, பக்கத்தில் என்னை நிற்க வைத்தார் விசில். சீருடை பட்டனைப் போட முடியவில்லை, மேலே ஒரு துணியைச் சுற்றி மறைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் ஒரு அம்மா வந்தார். என்னை மாதிரியே, ஜனவரி மாதத்து நான் மாதிரியே இருந்தார். பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நீங்கதானே?"

"நான்தாங்க."

"எவ்வளவு நாள் சாப்பிட்டீங்க?"

"சாப்பிடவே இல்லைங்க. எனக்குச் சர்க்கரை வியாதி. அதுல இளைச்சேன். இப்ப ஊசி போட்டு உடம்பு தேறிட்டேன், பாருங்க."

அந்த அம்மா பாட்டிலைப் பிள்ளையைப் படுக்க வைப்பது மாதிரி மெதுவாகத் திரும்ப வைத்தார். அடுத்து வந்தவருக்கும் அதையேதான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. துணி விலை சொல்கிற அதே குரல்தான். மதியத்துக்குள் விசில் காதுக்கு எட்டிவிட்டது.

"என்னம்மா பேசிட்டிருக்கீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன் சார். கஸ்டமர் கேட்டா நின்னு பதில் சொல்லணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

அவர் வாயைத் திறந்தார், காற்று மட்டும்தான் வந்தது.

அன்றைக்கே என்னைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். எதற்குப் பயந்து மாதக்கணக்கில் மாவைத் தின்றேனோ அந்தக் கிடங்குக்குத்தான். மேலே விற்றால் கிடைக்கிற கமிஷன் இங்கே கிடையாது. அத்தான் இரண்டு நாள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தார், மூன்றாம் நாள் சாப்பாடு கட்டிக் கொடுத்தார்.

நேற்று மதியம் சிட்டு படியிறங்கி வந்தாள். அன்றைக்கு நான் பேசியதைப் பில் மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாளாம். கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். காலிப் பாட்டிலில் என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல அசிங்கமா இருக்கீங்கக்கா" என்றாள். இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அதுதான்.

கிளம்பவா என்று கேட்டிருந்தாய். கிளம்பி வா. கட்டிலடியில் செருப்பை விட்டுப் போனாரே, அவர் ஊர் எது என்று யாரிடமாவது கேட்டுக்கொண்டு வா, அவர் என்ன ஆனார் என்று பார்க்க வேண்டும். வேலை அப்புறம் தேடலாம். கோபத்தையும் நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

இங்கே வெளிச்சம் குறைவுதான், புழுதிதான். ஆனால் யாரும் பார்க்காத இடம் என்பதால் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக வேலை நேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இந்தக் கடிதத்தையும் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ என்னைப் பார்க்க இங்கே வந்தால் நிற்க வேண்டியதுதான். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது.

உன்
குண்டு அக்கா